ஆளில்லாத சோள மேசை

ஜூலை கடைசியில் அயோவாவின் சரளைச் சாலைகளில் வண்டி ஓட்டிப் போனால், ஏதாவது ஒரு பண்ணை வீட்டு வாசலில் ஒரு மேசை தென்படும். மேலே ஒரு குடை இருக்கும்; சில இடங்களில் அதுவும் இருக்காது. விடியற்காலையில் ஒடித்த மக்காச்சோளக் கதிர்கள் பனி ஈரம் காயாமல் அந்த மேசையில் குவிந்து கிடக்கும். அட்டையில் கையால் எழுதிய விலை. பக்கத்தில் ஒரு பழைய காப்பிப்பொடி டின், அதன் மூடியில் கத்தியால் கீறிய துவாரம். ஆள் இருக்கமாட்டார். எண்ணி எடுப்பதும் பணத்தைப் போடுவதும் வாங்குகிறவர் பொறுப்பு. டஜன் என்றால் பதின்மூன்று என்பது இந்தப் பக்கத்தில் பல பண்ணைகளின் வழக்கம். ஒரு கதிரில் புழு இருந்தாலும் வாங்கினவருக்கு நட்டம் வரக்கூடாது.

டி மொயின் நகரின் புறநகரில் குடியிருக்கிறேன். பூன் கவுண்ட்டியில் இப்படி ஒரு மேசைக்கு ஐந்து கோடைகள் போய்வந்தேன். மூன்றாம் கோடையில் டின் போய், சங்கிலியால் பிணைத்த இரும்புப் பெட்டி வந்தது. நான்காம் கோடையில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் மேசை போட்டார்கள். அந்த இரண்டு நாளும் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் கோடையில் மேசையே இல்லை. வண்டியை நிறுத்தி விசாரித்தேன். அந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். திருட்டு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. கணக்கு ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னார். அப்புறம், கொஞ்சம் தயங்கி, “வாரநாட்களில் சரியாகத்தான் இருக்கும். சனி, ஞாயிறுதான்” என்றார்.

சனி, ஞாயிறு அந்த வழியாகப் போகிற வண்டிகளில் என் வண்டியும் ஒன்று. வீடு திரும்பும்வரை அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. சிற்றூர்களின் அழகை நாம் எல்லாரும் பங்குபோட்டு அனுபவிக்கிறோம். அதைக் காப்பாற்றும் வேலையை மட்டும் அங்கே மிஞ்சியிருக்கிற சிலர் தலையில் கட்டிவிட்டோம். இது நியாயமில்லை. போகிறவர்கள், வரவேற்கிற ஊர்கள், இரண்டுக்கும் மேலே இருக்கிற மாநிலம் ஆகிய மூவரும் உட்கார்ந்து இந்தச் சுமையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அயோவாவில் 99 கவுண்ட்டிகள். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 31.9 லட்சம். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களுக்குத் தனி நகராட்சி இருக்கிறது. அவற்றில் பாதிக்கும் மேல் ஆயிரம் பேர்கூட இல்லாதவை. மலையும் கடலும் இல்லாத மாநிலம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படியான இடங்கள் எத்தனை என்று இங்கே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். டி மொயினிலிருந்து தென்மேற்கே வின்டர்செட்டின் கூரைப் பாலங்கள். தென்கிழக்கே 1847-இல் டச்சுக்காரர்கள் குடியேறிய பெல்லா. கிழக்கே, 1932 வரை சொத்தெல்லாம் பொதுவில் வைத்து வாழ்ந்த அமானாவின் ஏழு கிராமங்கள். வடக்கே பூன் பக்கம் லெட்ஜஸ் பூங்கா. அங்கே ஓடை சாலையின் மேலேயே ஓடும், கோடையில் பிள்ளைகள் அந்தத் தண்ணீரைவிட்டு எழுந்து வரமாட்டார்கள்.

வின்டர்செட் பாலங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாலத்துக்கு எதற்குக் கூரை என்று முதல்முறை பார்க்கிற எல்லாரும் கேட்பார்கள். பாலத்தைத் தாங்குகிற தடித்த மரங்களுக்குத்தான் விலை அதிகம். மழையிலும் பனியிலும் அவை நனைந்து உளுத்துப்போனால் மாற்றுவது பெருஞ்செலவு. கூரைக்கும் பக்கச் சுவருக்கும் போடுகிற பலகை மலிவு. மலிவானது நனையட்டும், விலையுயர்ந்தது நனையாமல் நிற்கட்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கவுண்ட்டி நிர்வாகம் கூரை போடச் சொன்னது. வின்டர்செட் இருக்கிற மாடிசன் கவுண்ட்டியில் இப்படி 19 பாலங்கள் இருந்தன. இன்று நிற்பவை ஆறு. 1992-இல் இவற்றை வைத்து ராபர்ட் ஜேம்ஸ் வாலர் எழுதிய நாவலும், 1995-இல் அதைத் தழுவி கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் மெரில் ஸ்ட்ரீப்பும் நடித்த படமும் வந்தபிறகு, இந்தப் பாலங்களைப் பார்க்க உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அந்த ஆறில் ஒன்று சீடர் பாலம். 1883-இல் கட்டியது. 2002-இல் யாரோ தீ வைத்ததில் எரிந்துபோனது. ஊரும் கவுண்ட்டியும் சேர்ந்து பழைய அமைப்பிலேயே 2004-இல் மறுபடி எழுப்பினார்கள். 2017 ஏப்ரலில் மறுபடியும் தீவைப்பு, மறுபடியும் சாம்பல். 2019-இல் மூன்றாம் முறையாகக் கட்டினார்கள். உள்ளே நடந்துபோனால் இப்போதைய பலகைகள் இன்னும் புதுசாகத்தான் தெரிகின்றன. வயதான மற்ற பாலங்களுக்குள் போய்ச் சுவரைப் பாருங்கள். ஒரு கை எட்டுகிற உயரம்வரை பெயர்கள், இதயப் படங்கள், தேதிகள். பேனாவால் எழுதியவை சில. கத்தியால் செதுக்கியவை பல. ஒரு பெயரை நான் விரலால் தடவிப் பார்த்தேன். நகக்கண் மறையும் ஆழம். எழுதின இருவரும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பலகை, உள்ளே இருக்கிற பெரிய மரம் நனையாமலிருக்க யாரோ தன் வரிப்பணத்தில் அடித்த பலகை.

தீ வைத்தவர்களைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். பெயர் செதுக்குகிறவர்களைப் பற்றித்தான் நாம் பேசவேண்டும், ஏனென்றால் அவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளாகவும் இருக்கலாம். இங்கே ஒருமுறை எழுதினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும்போது, முன்பே எழுதியிருக்கிற நூறு பெயர்களுக்கும் அதே எண்ணம்தான் இருந்தது என்பதைப் பக்கத்தில் நிற்கிற பெரியவர் எடுத்துச் சொல்ல வேண்டும். காவலுக்கு ஆள் போடுகிற வசதி எந்தக் கவுண்ட்டிக்கும் இல்லை.

கூட்டாகக் கட்டுப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மக்கோக்கெட்டா குகைகளைச் சொல்வேன். கிழக்கு அயோவாவில், ஒரே பூங்காவுக்குள் பதின்மூன்று குகைகள். அவற்றின் கூரையிலிருந்து விழுதுபோலத் தொங்கிக்கொண்டிருந்த சுண்ணாம்புக் கூம்புகளில் பெரும்பகுதியை அந்தக் காலத்தில் வந்தவர்களே நினைவுப்பொருளாக உடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். சொட்டுச் சொட்டாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒடித்துவிட முடியும். பிறகு வௌவால்களுக்கு ஒரு நோய் வந்தது. குளிர்காலத்தில் உறங்குகிற வௌவாலின் மூக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து அதை எழுப்பிவிடும். சேமித்த கொழுப்பு கரைந்து, பூச்சி எதுவும் கிடைக்காத பனிக்காலத்தில் பட்டினியில் சாகும். நியூயார்க் மாநிலத்தில் முதலில் தெரியவந்த இந்தப் பூஞ்சை மனிதர்களின் செருப்பு மண்ணிலும் பயணம் செய்யக்கூடியது. இங்கே வந்துவிடக்கூடாதே என்று 2009-இல் குகைகளை மூடினார்கள்.

2012-இல் மறுபடி திறந்தபோது ஒரு நிபந்தனை வந்தது. உள்ளே போகிறவர்கள் முதலில் வௌவால்களைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போகவேண்டும். வேறு குகைக்குப் போட்டுப் போன செருப்பும் உடையும் இங்கே ஆகாது. குளிர்காலத்தில் குகைகள் வௌவால்களுக்கே விடப்படுகின்றன. 2015-இல் நோய் அயோவாவுக்குள்ளும் வந்துவிட்டது, அதை மறைக்கவேண்டாம். ஆனாலும் அந்த விதிகள் நிற்கின்றன. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று குகை வாசலில் தன் ஷூவைத் திருப்பிப் பார்த்து, “இது புதுசு, வேற குகைக்குப் போகலை” என்று அப்பாவிடம் சாட்சி சொன்னதைக் கண்டிருக்கிறேன். காரணத்தைச் சொன்னால் ஜனங்கள் கேட்கிறார்கள். மொட்டையாகத் தடை என்று பலகை மாட்டினால் கேட்பதில்லை. பாலங்களுக்குள்ளும் கூரைக்கான காரணத்தைப் பிள்ளைகளின் கண் உயரத்தில் எழுதி வைத்தால் செதுக்குவது பாதியாகக் குறையும் என்பது என் நம்பிக்கை.

இனி மேட்ரிட். ஸ்பெயின் தலைநகரின் பெயர்தான். உள்ளூரில் முதல் எழுத்தை அழுத்திச் சொல்வார்கள். மூவாயிரம் பேர்கூட இல்லாத, ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டிய ஊர். அதை ஒட்டித்தான் அயோவாவின் இந்துக் கோயில் வயல்களுக்கு நடுவே நிற்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த மாநிலத்தில் முதலில் அறிமுகமாகிற சிற்றூர் இதுவாகத்தான் இருக்கும். கோயிலுக்கு வந்தவர்கள் அப்படியே ஹை டிரெசில் சைக்கிள் பாதைக்கும் போவார்கள். கைவிட்ட ரயில் தடத்தின் மேல் போட்ட 25 மைல் பாதை. அதன் நடுவில் டி மொயின் ஆற்றின் மேல் அரை மைல் நீளப் பாலம், ஆற்றிலிருந்து ஏறத்தாழ 130 அடி உயரத்தில். பாலத்தின் ஒரு பகுதியில் 41 இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து சுழலும். சுரங்கத்துக்குள் மண் சரியாமல் தாங்க அடுக்கிய மரச்சட்டங்களின் நினைவாக அவற்றை அமைத்தார்கள். இருட்டியதும் அவற்றில் நீல விளக்கு எரியும். அதன் நடுவே நடக்கும்போது சுரங்கத்துக்குள் இறங்குவதுபோலவே இருக்கும்.

2011-இல் திறந்த இந்தப் பாலத்தை ஒரு ஊர் தனியாகக் கட்டியிருக்க முடியாது. ஆங்கெனி, ஷெல்டால், ஸ்லேட்டர், மேட்ரிட், உட்வர்ட் என ஐந்து ஊர்கள், நான்கு கவுண்ட்டிகள், மாநில அரசு, 1979 முதல் இயங்கும் அயோவா இயற்கைப் பாரம்பரிய அறக்கட்டளை, நன்கொடையாளர்கள் என்று பலர் சேர்ந்து இழுத்த தேர் அது. ஒரு கவுண்ட்டி எல்லையில் தார் முடிந்து அடுத்த கவுண்ட்டியில் சரளை தொடங்கியிருந்தால் இன்றைக்கு அந்தப் பாதையில் யாரும் வரமாட்டார்கள். கட்டும்போது இருந்த அந்தக் கூட்டு மனம் பராமரிக்கும்போதும் வேண்டும். சட்டங்களின் பராமரிப்பு, கீழே போட்ட தளம், பனி அள்ளுவது, விளக்குக்கு மின்சாரம் எல்லாம் வருடா வருடம் வருகிற செலவு. நுழைவுக் கட்டணம் கிடையாது. இருக்கவும் கூடாது.

அந்தப் பாதையில் ஒருவர் சைக்கிளிலிருந்து விழுந்து கை முறிந்தால் யார் வருவார்கள்? சிற்றூர்களில் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். தீயணைப்பும் முதலுதவியும் சம்பளம் வாங்காதவர்கள் கையில் இருக்கின்றன. இடுப்பில் பேஜர் ஒலித்ததும் கடையைப் பூட்டிவிட்டு ஓடுகிறவர், டிராக்டரை வயலில் நிறுத்திவிட்டு ஓடுகிறவர். அவர்களுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. அடுத்த தலைமுறை டி மொயினிலும் சிகாகோவிலும் வேலை பார்க்கிறது. இந்த மாநிலத்தில் ஒவ்வொரு கவுண்ட்டியும் ஆம்புலன்ஸ் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. அதை அத்தியாவசியச் சேவையாக்கித் தனி வரி போடவேண்டுமென்றால் வாக்களித்தவர்களில் 60 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். அந்த வரியைக் கட்டப்போவதும் உள்ளூர்க்காரர்கள்தான், நாமல்ல.

பணக் கணக்கையும் நேராகப் பார்த்துவிடுவோம். விடுதியில் இரவு தங்குகிறவர்களிடம் ஊர்கள் 7 சதவீதம்வரை உள்ளூர் வரி வாங்கலாம். அதில் பாதியையாவது பொழுதுபோக்கு, பண்பாட்டு வசதிகளுக்கும் சுற்றுலா வளர்ச்சிக்கும் செலவிட வேண்டும் என்பது சட்டம். ஒருநாள் போய்த் திரும்புகிற நாம் அந்த வரியில் ஒரு காசும் கட்டுவதில்லை. மாநில விற்பனை வரி 6 சதவீதம். அதற்கு மேல் பெரும்பாலான ஊர்களில் 1 சதவீதம் உள்ளூர் வரி. பெட்ரோலுக்கு இந்த வரி கிடையாது, மளிகைக்கும் கிடையாது, உணவகத்தில் சாப்பிட்டால் உண்டு. நூறு டாலருக்குச் சாப்பிட்டால் உள்ளூர்ப் பங்கு ஒரு டாலர். மதிய உணவைக் கையில் கொண்டுபோய், பெட்ரோலும் போட்டுக்கொண்டு திரும்பினால் அந்த ஒரு டாலரும் இல்லை.

புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதில் எந்தத் தவறும் இல்லை. பூங்கா மரத்தடியில் அதை உண்பது நம் பயணங்களின் பாதிச் சந்தோஷம். சைவ உணவுக்காரர்களுக்கு இந்த ஊர்களில் மதியச் சாப்பாடு சுலபமும் அல்ல, பன்றி இறைச்சி வறுவல் வைத்த ரொட்டிதான் இங்கே ஊருக்கு ஊர் பெருமை. ஆனாலும் சாப்பிட்ட பிறகு கடைத்தெருவுக்கு வந்து காப்பி, ஐஸ்கிரீம், பேக்கரி ரொட்டி, பிறந்தநாளுக்குக் கொடுக்க ஒரு பொருள் என்று ஏதாவது வாங்கலாம். எச்சில் தட்டுகளையும் டம்ளர்களையும் மூட்டை கட்டி வீட்டுக்கே எடுத்துவரலாம். ஞாயிறு மாலை லெட்ஜஸ் பூங்காவில் நிரம்பி வழிகிற குப்பைத்தொட்டியைத் திங்கள் காலையில் காலி செய்கிறவர்கள் இரண்டு பேர்தான் இருப்பார்கள். சரளைச் சாலையில் வேகத்தைக் குறைத்தால், பண்ணை வீட்டுக் கொடியில் உலர்கிற துணிமேல் புழுதி படியாது. அக்டோபரில் ஆரஞ்சு முக்கோணம் மாட்டிய அறுவடை இயந்திரம் முன்னால் ஊர்ந்து போனால் பொறுத்திருக்கலாம், மேட்டில் முந்த வேண்டாம். சோளத்தட்டைக்குள் புகுந்து படம் எடுக்கிற வழக்கத்தையும் விட்டுவிடலாம். பொது நிலம் மிகக் குறைந்த மாநிலங்களில் அயோவாவும் ஒன்று. நாம் ரசிக்கிற பச்சைவெளியில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய விளைநிலம்.

ஊர்களிடமும் கேட்பதற்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றச் சதுக்கத்தில் திறந்திருக்கும் கழிப்பறை ஒன்று வேண்டும். கைக்குழந்தையோடு வந்தவர்கள் பூட்டிய கதவுகளைத் தட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. எங்களைப் போன்றவர்கள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுபோகிற கடைகள் சிலவற்றை எனக்குத் தெரியும். எதிரே வருகிற முன்பின் தெரியாத வண்டிக்கும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்கி வணக்கம் சொல்கிற மாநிலம் இது. அந்த விரல் கடைக்குள்ளும் உயரவேண்டும். வருகிறவர்களைச் செலவு செய்கிற கூட்டமாக மட்டும் பார்க்காமல் வேலைக்கும் கூப்பிடுங்கள். பாதையைச் சுத்தம் செய்யும் சனிக்கிழமை எது, பாலத்துக்கு வண்ணம் அடிக்கும் நாள் எது என்று கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் டி மொயினில் இருக்கிற அலுவலகங்களுக்கும் சொல்லி அனுப்புங்கள். மேட்ரிட்டுக்குச் சாமி கும்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் கையுறை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். சொல்ல ஆள் இல்லாததால்தான் இத்தனை நாளும் வரவில்லை.

பெல்லாவில் வருடந்தோறும் மே மாதத் தொடக்கத்தில் துலிப் திருவிழா. ஊர்வலம் வருவதற்கு முன்னால் மரச்செருப்பும் பழைய டச்சு உடையும் போட்ட ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் வாளித் தண்ணீரை வீதியில் கொட்டித் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே போவார்கள். விடியலில் வாசல் தெளித்துப் பழகின எனக்கு, முதல்முறை அதைப் பார்த்தபோது ஊரில் நிற்பதுபோல இருந்தது. 1935-இல் தொடங்கிய விழா இது. மலர்கிற துலிப் ஒவ்வொன்றின் கிழங்கையும் முந்தைய இலையுதிர்காலத்திலேயே யாரோ குனிந்து மண்ணில் வைத்திருக்கிறார்கள். அந்த வாளியில் ஒன்றை வெளியூரிலிருந்து வந்த பிள்ளை கையிலும் கொடுத்தால் என்ன?

மாநிலத்தின் பங்குக்கு வருவோம், ஏனென்றால் எல்லாப் பாரத்தையும் நல்ல மனங்களின் மேல் ஏற்றிவைக்க முடியாது. 2010 நவம்பரில் அயோவா வாக்காளர்களில் ஏறத்தாழ 63 சதவீதம் பேர் ஒரு அரசியல் சட்டத் திருத்தத்துக்கு ஆம் என்றார்கள். மண், நீர், பூங்கா, பாதைகள் ஆகியவற்றுக்கென ஒரு நிரந்தர நிதியை அது உண்டாக்கியது. அடுத்த முறை விற்பனை வரி கூடும்போது, டாலருக்கு ஒரு சதத்தின் எட்டில் மூன்று பங்கு இந்த நிதிக்குப் போகவேண்டும். அதற்குப் பிறகு விற்பனை வரி கூடவே இல்லை. அதனால் நிதி அன்று முதல் காலியாகவே இருக்கிறது. குடியரசுக் கட்சிக்காரர், ஜனநாயகக் கட்சிக்காரர், வேட்டைக்காரர், மீன்பிடிப்பவர், விவசாயி, சைக்கிள்காரர் எல்லாரும் சேர்ந்து போட்ட ஓட்டு அது. இன்று இந்த மாநிலத்தில் இத்தனை பேர் ஒரே பக்கம் நிற்கிற வேறொரு விஷயம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. வரியை உயர்த்துவதற்குத் தயக்கம் இருந்தால், வேறொரு வரியில் அதே அளவு குறைத்துக்கொண்டாவது இதை நிரப்பலாம். நூறு டாலருக்கு முப்பத்தேழரை சதம். ஹை டிரெசில் பாதைக்கும் மக்கோக்கெட்டாவின் வழிகாட்டிக்கும் லெட்ஜஸின் குப்பைத்தொட்டிக்கும் டி மொயினில் கடைக்குப் போகிற நாமும் அப்போது பங்கு கட்டியவர்கள் ஆவோம்.

சட்டமன்றம் ஜனவரியின் இரண்டாம் திங்கட்கிழமை கூடும். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு, எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், அதற்கு முன் ஒரு கடிதம் போய்ச் சேரட்டும். போன கோடையில் எந்த ஊருக்குப் போனீர்கள், அங்கே என்ன பார்த்தீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள். நான் அந்தச் சோள மேசையைப் பற்றி எழுதப்போகிறேன்.